உபயப் பட்டியலும் பையனோட கேம் சர்வரும் ஒரே வராண்டாவில் இருக்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஊத்திக்கிட்டு உட்கார்ந்து படிங்க. கம்ப்யூட்டர் விஷயம்தான். ஆனா இதுல உங்க வீட்டுப் பெயர், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் சம்பந்தப்பட்டிருக்கு. அதனால "இது நமக்கு எதுக்கு"ன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க.

போன மாசம் ஆலய நிர்வாகக் கூட்டத்தில் நான் எழுந்து நின்னு ஒரு தப்பை ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வெளியில பாதி பாதியா பேச்சு போகுது. "கோயில் கம்ப்யூட்டரை ஹேக் பண்ணிட்டாங்களாம்", "உபயப் பணம் போச்சாம்" என்றெல்லாம். பணம் போகல. பட்டியலும் போகல. நடந்தது என்ன, இனிமே என்ன செய்யணும்ன்னு நான் நினைக்கிறேன், இரண்டையும் நானே எழுதிடறேன். மத்தவங்க வாயால நீங்க கேட்க வேண்டாம்.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். வயசு ஐம்பத்து நாலு. படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். கம்ப்யூட்டரெல்லாம் கேட்டுக் கேட்டு, உடைச்சு உடைச்சுக் கத்துக்கிட்டது. எம்.சி.ஓ. காலத்தில் கோயில் மூடியிருந்தப்போ, ஆபீஸ்ல இருந்த பழைய கம்ப்யூட்டரும் படுத்துடுச்சு. உபயப் பட்டியலும் ரசீது புரோகிராமும் அதுக்குள்ளதான். "நீங்க பார்த்துக்குங்க"ன்னு சொன்னாங்க. நானும் வீட்டுக்குக் கொண்டுவந்து, செகண்ட்ஹேண்ட்ல வாங்கிய ஒரு பெட்டியில் ஏற்றி ஓட்டினேன். அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

அந்தப் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ்ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். அது ஒரே கம்ப்யூட்டரை நாலஞ்சு கம்ப்யூட்டரா ஆக்கிக் காட்டும். ஒவ்வொன்றையும் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம், என்று சொல்வாங்க. நம்ம ஊர்ல ஒரு வீட்டை வாங்கி ரூம் ரூமா தடுத்து வாடகைக்கு விடறாங்க இல்லையா, அந்த மாதிரி. ஒரு ரூம்ல கோயில் உபயப் பட்டியல். ஒரு ரூம்ல திருவிழா போட்டோ, வீடியோ. ஒரு ரூம்ல வீட்டு கேமரா ரெக்கார்டிங். கடைசி ரூம்ல என் பையன் கேட்டான்னு ஒரு மைன்கிராஃப்ட் கேம் சர்வர்.

நவராத்திரி உபயத்துக்குப் பெயர் சேர்த்துக்கிட்டிருந்த சமயம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து, உபயப் பட்டியல் விஎம்முக்கு அப்டேட் போட உட்கார்ந்தேன். லாக்கைத் திறந்தா, "தப்பான பாஸ்வேர்டு, தப்பான பாஸ்வேர்டு"ன்னு நூற்றுக்கணக்கான வரி. யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. இன்டர்நெட்டில் இருக்கிற எந்தக் கதவையும் ராத்திரி பகலா தட்டிப் பார்ப்பாங்க, அது புதுசு இல்ல. ஆனா இந்த விஎம்முக்கு வெளியிலிருந்து வழியே கிடையாது. எங்கிருந்து தட்டறாங்கன்னு அட்ரஸைப் பார்த்தேன். 192.168.1.45. அது எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கிற நம்பர். பையனோட கேம் சர்வர்.

லேன் கேபிளைப் பிடுங்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

விஷயம் இதுதான். பையன் ஸ்கூல் லீவுல கூட்டாளிங்க வந்து விளையாடணும்னு ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கான். என்கிட்ட கேட்டுத்தான் செஞ்சான். ஆனா கேம் சர்வர் பழைய வெர்ஷன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்று ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது, ஞாபகம் இருக்கும். மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி டைப் பண்ணியே அந்த சர்வரைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க முடியும். அடுத்த வெர்ஷன்லேயே, 1.18.1ல், சரி பண்ணிட்டாங்க. நாங்க அப்டேட் போடவே இல்ல. வெளியாள் கேம் சர்வருக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிட்டு, அங்கிருந்து பக்கத்து ரூம் கதவை எல்லாம் தட்ட ஆரம்பிச்சுட்டான்.

உபயப் பட்டியல் விஎம்மோட பாஸ்வேர்டு நீளமானது. அட்மின் பெயரில் வெளியிலிருந்து நுழைய முடியாதபடி முன்னாடியே வெச்சிருந்தேன். உள்ளே நுழைஞ்சதுக்கு லாக்கில் ஒரு வரிகூட இல்ல. கேம் விஎம்மை அழிச்சேன், எல்லா பாஸ்வேர்டும் மாத்தினேன். தப்பிச்சோம். ஆனா தப்பிச்சது ஒரு பாஸ்வேர்டு பலத்தில். இரண்டாவது தடுப்புன்னு ஒண்ணும் இல்ல.

பையனைக் குறை சொல்லாதீங்க. விளையாடறது பிள்ளைங்க வேலை. உபயப் பட்டியலைக் கொண்டுபோய் அவனோட விளையாட்டுக்குப் பக்கத்து ரூம்ல, ஒரே வராண்டாவில் வெச்சவன் நான்.

இந்த "வராண்டா"தான் என் பதிவோட விஷயமே. விஎம் தனித்தனியா இருந்தா பாதுகாப்புன்னு நானும் ரொம்ப நாளா நினைச்சேன். அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு விஎம்முக்கும் டிஸ்க் தனி, மெமரி தனி. ஆனா ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டதும் அது ஒரே ஒரு பிரிட்ஜ் போட்டுக் கொடுக்கும். நாம எதையும் மாத்தலன்னா எல்லா விஎம்மும் அதிலேதான் சேரும். பத்தாததுக்கு வீட்டு டிவி, மனைவி போன், பிரிண்டர், கேமரா எல்லாமே அதே நெட்வொர்க்கில். ரூமுக்குத் தனிப் பூட்டு இருக்கு, ஆனா எல்லாக் கதவும் ஒரே வராண்டாவில் திறக்குது. வராண்டாவுக்குள்ள ஒருத்தன் வந்துட்டா, எந்தக் கதவு முன்னாடியும் நிக்கலாம்.

கூட்டத்தில் இதைச் சொன்னப்போ பெரியவர் ஒருத்தர் கேட்டார். "ஏம்பா, நம்மகிட்ட திருடறதுக்கு என்ன இருக்கு? சின்னக் கோயில், யார் தேடி வருவா?"

ஐயா, யாரும் தேடி வரல. அவங்களுக்கு நம்ம கோயில் பெயரே தெரியாது. புரோகிராம் எழுதிவிட்டு, உலகத்தில் உள்ள எல்லா அட்ரஸையும் வரிசையா தட்ட விடறாங்க. 2016ல் மிராய் என்று ஒரு வைரஸ். கம்பெனியில் போட்ட பாஸ்வேர்டை மாத்தாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடிச்சுப் படை சேர்த்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய வெப்சைட் எல்லாம் அதனால் முடங்கிச்சு. அதுக்குப் பயன்பட்டது இந்த மாதிரி சாதாரணக் கேமரா, ரூட்டர்தான்.

"திருட என்ன இருக்கு" என்கிற கேள்விக்கு, கூட்டம் முடிஞ்சு வெளியில வந்தப்போ ஒரு பாட்டி பதில் சொல்லிட்டாங்க. ஆடி வெள்ளிக்குத் தவறாம வர்றவங்க. "தம்பி, என் பேரப்பிள்ளைங்க பேரு, நட்சத்திரம் எல்லாம் எழுதிக் கொடுத்தேனே, அதுவும் அதுக்குள்ளதான் இருக்கா?"ன்னு கேட்டாங்க. ஆமாம் பாட்டி, அதுக்குள்ளதான் இருக்கு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் அந்தப் பாட்டிக்கு போன் பண்ணி, "அம்மா, கோயில் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பேரன் இன்னார், இந்த நட்சத்திரம், போன வருஷம் இன்ன உபயம் எடுத்தீங்க. இந்த வருஷம் பரிகார ஹோமம் இருக்கு, இந்த அக்கவுண்டுக்குப் பணம் போடுங்க"ன்னு சொன்னா, எந்தப் பாட்டி சந்தேகப்படுவாங்க? போலீஸ், பேங்க் பெயர் சொல்லி ஏமாத்தறவனையே நம்பிப் பணம் போட்டவங்க நம்ம சமூகத்தில் எத்தனை பேர். நம்ம நாட்டில் மோசடிக்குன்னே 997 என்று தனி நம்பர் வெக்க வேண்டிய நிலைமை. அம்பாள் பெயரைச் சொல்லி, பேரன் நட்சத்திரத்தையும் சொன்னா?

2010ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்காக எழுதப்பட்டது. "நமக்கு அது பொருந்துமா"ன்னு சிலர் கூட்டத்தில் வாதம் பண்ணாங்க. என் கருத்து, அந்த வாதமே வேண்டாம். அவங்க சட்டத்தை நம்பி நட்சத்திரம் எழுதிக் கொடுக்கல, கோயிலை நம்பிக் கொடுத்தாங்க.

தேவையில்லாமல் திறந்து கிடக்கிற வழி எவ்வளவு ஆபத்துன்னு காட்ட, பக்கத்தில் சிங்கப்பூரே சாட்சி. 2018ல் சிங்ஹெல்த் கம்ப்யூட்டர்ல இருந்து 15 லட்சம் நோயாளிகளோட சொந்த விவரம் திருடு போனது. அதில் ஏறக்குறைய 1,60,000 பேருக்கு என்ன மருந்து கொடுத்தாங்க என்பதும் போச்சு, அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் உள்பட. 2019 ஜனவரியில் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. அவங்க குறிப்பிட்ட முக்கியமான ஓட்டைகளில் ஒண்ணு, சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சில சர்வர்களுக்கும் அந்த நோயாளிகள் டேட்டாபேஸுக்கும் நடுவே திறந்திருந்த நெட்வொர்க் வழி. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படின்னா, என் வீட்டு ஹால்ல டிவி பெட்டிக்குக் கீழ இருக்கிற சர்வர் எம்மாத்திரம்?

இன்னொண்ணு என் கண்ணால் பார்த்தது. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் வந்தப்போ, எங்க ஃபேக்டரி ஆபீஸ் பக்கம் இரண்டு கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. அந்த வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் ஏறினா, அதே நெட்வொர்க்கில் அப்டேட் போடாத மத்த கம்ப்யூட்டருக்குத் தானாவே தாவும். ஆனா எங்க லைன் ஒரு நிமிஷம்கூட நிக்கல. ஐடி பசங்க மெஷின் நெட்வொர்க்கையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் முன்னாடியே பிரிச்சு வெச்சிருந்தாங்க. பிரிச்ச அன்னைக்கு "எதுக்கு இந்தத் தொல்லை"ன்னு முணுமுணுத்தவன் நான்தான். பார்த்தும் என் வீட்டுல செய்யத் தோணல பாருங்க.

இப்போ செஞ்சிருக்கேன். தொண்டு செய்யற மத்த கோயில் தம்பிமாருக்கும் உதவும் என்று கொஞ்சம் விளக்கமா எழுதறேன். மத்தவங்க இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம்.

பிரிக்கிறதுக்குப் பெயர் வீலேன். ஒரே கேபிள், ஒரே சுவிட்ச். ஆனா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு நம்பர் டேக் கட்டி அனுப்பும். டேக் 20 போட்டது 20க்குள்ள மட்டும்தான் சுத்தும். எங்க வீட்டில் இப்போ ஐந்து:

10 – ப்ராக்ஸ்மாக்ஸ், சுவிட்ச் இதையெல்லாம் கட்டுப்படுத்தும் பக்கம். என் லேப்டாப் ஒண்ணு மட்டும்.
20 – கோயில். உபயப் பட்டியல், ரசீது, திருவிழா போட்டோ.
30 – வீடு. போன், டிவி, பிரிண்டர்.
40 – வெளியாள் வரக்கூடிய இடம். கேம் சர்வர்.
50 – கேமராவும் அதோட ரெக்கார்டிங்கும். கேமராவுக்கு இன்டர்நெட்டே கிடையாது.

இதுக்கு மேனேஜ்ட் சுவிட்ச் வேணும். சாதாரண சுவிட்ச் பத்தாது. எட்டு போர்ட் உள்ளது இருநூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்குது. ப்ராக்ஸ்மாக்ஸில் பிரிட்ஜுக்கு "வீலேன் அவேர்" என்று ஒரு டிக். பிறகு ஒவ்வொரு விஎம்மோட நெட்வொர்க் கார்டிலும் அதோட நம்பர். வேலை இவ்வளவுதான். ஆனா நான் தடுக்கி விழுந்த நாலு இடத்தைச் சொல்லிடறேன்.

ஒண்ணு. டேக் போட மறந்துட்டா அந்த விஎம் ஒரு மூலையில் தனியா நிற்கும்னு நினைக்காதீங்க. அந்த டிக் போட்ட பிரிட்ஜில், டேக் இல்லாத விஎம் எல்லா வீலேனையும் தொட முடியும். மறதிதான் பெரிய ஓட்டை.

இரண்டு. வீலேன் பிரிச்சா மட்டும் போதாது. நடுவில் இருக்கிற ரூட்டர் எல்லாருக்கும் எல்லா வழியும் விட்டா, தரையில் கோடு போட்ட மாதிரிதான். யார் எங்கே போகலாம்னு ஃபயர்வால்ல ரூல் எழுதணும். நான் எல்லாத்தையும் மூடிட்டு, தேவையான வழியை மட்டும் ஒவ்வொண்ணா திறந்தேன். 40ல் இருந்து வீட்டுக்குள்ள எங்கேயும் போக முடியாது. 30ல் இருந்து 20க்குப் போக முடியாது. என் போன்ல இருந்துகூட உபயப் பட்டியலைப் பார்க்க முடியாது. கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் வயர்கார்டு விபிஎன் வழியா வரும், ரசீது பக்கத்தை மட்டும் தொடும்.

மூணு. முதல்ல ஃபயர்வாலையும் அதே பெட்டியில் ஒரு விஎம்மா வெச்சேன். பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணா வீடு முழுக்க இன்டர்நெட் போயிடும். மனைவி சீரியல் பார்க்கிற நேரத்தில் ஒரு தடவை அப்படி ஆச்சு. மறுநாளே தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கிட்டேன்.

நாலு. 10ஆம் நம்பருக்கு மாத்தும்போது என்னை நானே வெளியே வெச்சுப் பூட்டிக்கிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் மானிட்டரும் கீபோர்டும் வெச்சுக்கிட்டுத் தொடங்குங்க.

எல்லாம் முடிஞ்சதும் சோதிச்சுப் பாருங்க. ஃபேக்டரியில் மெஷினை ரிப்பேர் பண்ணும்போது, கரண்டை நிறுத்தி, பூட்டு மாட்டி, டேக் தொங்கவிட்டு, அதுக்கப்புறமும் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்ப்போம். ஓடக்கூடாது. அதே மாதிரி, கேம் விஎம்முக்குள்ள போய் அங்கிருந்து உபயப் பட்டியல் கதவைத் தட்டிப் பார்த்தேன். பதில் வரல. அன்னைக்குத்தான் தூங்கினேன்.

பையன் கேம் சர்வர் திரும்ப ஓடுது. புது வெர்ஷன், பெயர் கொடுத்த கூட்டாளிங்க மட்டும் வரலாம்.

இது எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் சொல்லல. பாஸ்வேர்டை மேசையில் ஒட்டி வெச்சா, வீலேன் ஒண்ணும் செய்யாது. அப்டேட் போடணும். பேக்கப் எடுத்து, கேபிளைக் கழட்டி, தனியா வெக்கணும். ஒரு ரூம்ல தீப்பிடிச்சா அடுத்த ரூமுக்குப் பரவாம தடுக்கிற சுவர் இது. தீயே பிடிக்காதுன்னு உத்தரவாதம் இல்ல.

கூட்டத்தில் வந்த மத்த கருத்துகளுக்கும் பதில் சொல்லணும்.

"எல்லாத்தையும் கிளவுடில் போட்டுடலாம்"ன்னு இளைஞர் பகுதியினர் சொன்னாங்க. பார்த்துக்க ஆள் இல்லாத கோயிலுக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கறேன். ஆனா கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர், மண்டபத்தில் பக்தர்களுக்கு விடற வைஃபை, சிசிடிவி மூணும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கற வரைக்கும், பிரச்சினை அப்படியேதான் இருக்கு. உண்டியல் எண்ணற அறைக்கும் செருப்பு விடற இடத்துக்கும் ஒரே கதவு வெச்ச மாதிரி. இங்கேயும் பிரிக்கத்தான் வேணும்.

"பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே போயிடலாம்"ன்னு சிலர். அந்த நோட்டும் கவுண்டர் மேலதான் திறந்து கிடந்தது. வரிசையில் நின்ன எல்லாரும் படிச்சாங்க.

பொருளாளர் அம்மா கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது. "அண்ணே, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதை யார் திறப்பாங்க?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இத்தனை வருஷம் நான் ஒருத்தனே சாவியை வெச்சுக்கிட்டு, அதைத் தொண்டுன்னு நினைச்சிருக்கேன். உண்டியலைக்கூட நாம ஒரே ஆள் கையில் விடறதில்ல. இப்போ எந்த நம்பரில் என்ன இருக்கு, எந்த வழி திறந்திருக்கு, எப்படி நிறுத்தறதுன்னு ஒரே பக்கத்தில் எழுதி, பாஸ்வேர்டோட கவர்ல ஒட்டி, கோயில் இரும்புப் பெட்டியில் வெச்சாச்சு. இளைஞர் பகுதியில் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

நான் நிர்வாகத்துக்கு வெச்ச கோரிக்கை இதுதான். உபயப் பட்டியல் ஒரு தொண்டன் வீட்டுல இருக்கக்கூடாது, என் வீடா இருந்தாலும் சரி. கோயிலுக்கே ஒரு பெட்டி, ஒரு மேனேஜ்ட் சுவிட்ச், ஒரு ஃபயர்வால். எல்லாம் செகண்ட்ஹேண்ட் போதும். திருவிழா பேனருக்குச் செலவு பண்றோம், பூவுக்குச் செலவு பண்றோம். அதெல்லாம் குறைக்கச் சொல்லல. இதையும் ஒரு உபயமா நினைச்சுக்கலாம், அவ்வளவுதான். அது வரும் வரைக்கும், என் வீட்டில் கோயிலுக்குத் தனி வழிதான்.

வேற கோயிலுக்குப் போற பக்தர்களும் உங்க நிர்வாகத்தை மரியாதையா மூணு கேள்வி கேளுங்க. எங்க பெயர், நம்பர் எல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு? மண்டப வைஃபையில் இருந்து அதைத் தொட முடியுமா? அதைப் பார்த்துக்கிறவர் ஒருத்தரா, ரெண்டு பேரா? கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா, இன்னொரு தடவை கேளுங்க.

அப்புறம், கோயில்ல இருந்துன்னு சொல்லி யாராவது போன்ல பணம் கேட்டா, போடாதீங்க. நேரா கோயிலுக்கு வாங்க, இல்லன்னா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க.

பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் என் மன்னிப்பை இங்கேயும் கேட்டுக்கறேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைங்க நான் சொன்னதுல தப்பு இருந்தா கீழே எழுதுங்க, திருத்திக்கறேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானத்துக்கு அப்புறம் ஆபீஸ்லதான் இருப்பேன். பார்க்கணும்னு நினைக்கிறவங்க வாங்க, எல்லாத்தையும் திறந்து காட்டறேன்.

ஓம் சக்தி. அம்பாள் எல்லாரையும் காக்கட்டும்.